பஸ்ஸில் ஏறாத பெட்டி

வெள்ளிக்கிழமை காலை 6.50. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் வண்டி ஏறினேன். தூரம் இருபத்தொன்பது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். அலுவலகத்தில் கார் அனுப்புவதாகச் சொன்னார்கள். நான்தான் வேண்டாமென்றேன். காரில் போனால் கூட வருகிறவர்கள், "நாளைக்கு நீங்கதானே சார் பேசறீங்க?" என்று கேட்பார்கள். பேருந்தில் அந்தத் தொல்லை இல்லை. பக்கத்தில் இருந்தவர் திருக்கழுக்குன்றம் வரை என் தோளில் தூங்கினார். அந்த இரண்டு நாட்களில் என்னை முழுமையாக நம்பிய முதல் ஆள் அவர்தான்.

பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்: மாமல்லபுரத்தில் எங்கள் கம்பெனியின் இரண்டு நாள் மாநாடு. நான் பிளாஸ்டிக் சாமான் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாக மார்க்கெட்டிங்கில் இருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி, நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் செய்கிறோம். ஆறு மாதம் முன்பு மாலினி மேடம் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அவர் வந்த பிறகு எனக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் பூங்கொத்தும் குரூப் போட்டோவும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து நான்தான் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தச் சமயத்தில்தான் மேடம் என்னைக் கூப்பிட்டு, "மாநாட்டுல நம்ம கம்பெனி ஜனங்களுக்குக் கொடுக்கற விஷயத்தை நீங்க பேசுங்க" என்றார். கோயில் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்களே, அது ஞாபகம் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

கொடுக்கப்போவது கோவளத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு நூற்றிருபது ஐஸ் பெட்டிகள். யோசனை என்னுடையது. எழுபது லிட்டர் பெட்டி, சிவப்பு நிறம். மூடியில் எங்கள் லோகோ, ஆகாயத்திலிருந்து படம் எடுத்தாலும் தெரியும். இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒரு பகுதி உண்டு. அந்த நூற்றிருபதும் விற்காமல் குடோனில் கிடந்தவை. கேட்டரிங்காரர்கள் வேண்டாமென்றார்கள், ஐஸ்கிரீம்காரர்கள் வேண்டாமென்றார்கள். யாரும் வாங்காததைக் கொடுத்தால் தானம் என்று கண்டுபிடித்தவன் நான்.

காலை 8.15. மாமல்லபுரத்திலிருந்து வடக்கே நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ரிசார்ட். ஆட்டோ நூற்றைம்பது ரூபாய். கடலுக்கு எதிரே மண்டபம் கட்டி, புரொஜெக்டர் தெரிவதற்காகத் திரையை இழுத்துக் கடலை மூடியிருந்தார்கள். ஏசி குளிரில் நாள் முழுக்க ஆளாளுக்கு வாழ்க்கையின் நோக்கம் பற்றிப் பேசினார்கள். என் நோக்கம் மிக எளிமையானது: மறுநாள் பதினொன்றரை மணிக்கு மயங்கி விழாமல் நிற்பது. அறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நான்கு முறை பேசிப் பார்த்தேன். நான்காவது முறை கண்ணாடியில் இருந்தவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

சனிக்கிழமை காலை 7.10. பேச்சோடு போடுவதற்கு இரண்டு நிமிடப் படம் வேண்டும். பெட்டியை வாங்கிப் பெண்கள் சிரிக்க வேண்டும். மாதிரிப் பெட்டி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் கோவளம் புறப்பட்டேன். பதினைந்து கிலோமீட்டர், நானூற்றைம்பது ரூபாய். பின் இருக்கை முழுவதையும் பெட்டி எடுத்துக்கொண்டது. நான் டிரைவர் பக்கத்தில் அரைப் பிருஷ்டத்தில் தொங்கினேன். டிரைவர் பெயர் ராஜா.

"இன்னா சார், பொட்டி சவாரி, நீ கிளீனரா?" என்றார்.

இப்போது நினைத்தால், விஷயம் முழுவதும் எனக்கு அங்கேயே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கோவளம் கரையில் படகுகள் ஒதுங்கி, சங்கரா மீனும் காரப்பொடி மீனும் குவியல் குவியலாகக் கிடந்தன. மீன் விற்கும் பெண்களின் சங்கத்துக்கு எஸ்தர் தலைவி. நாற்பத்தைந்து வயதிருக்கும். தொலைபேசியில் மூன்று முறை பேசியிருக்கிறேன், அப்போதெல்லாம் "ஐஸ் பொட்டியா, நல்லது சார்" என்பார். அளவை நான் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"இன்னா சார் இது, பொட்டியா, வூடா?"

"எழுபது லிட்டர்க்கா. நிறைய புடிக்கும்."

"புடிக்கும் சார். என்னையே புடிக்கும். இத்தத் தூக்கிகினு நான் எப்படி பஸ் ஏறுவேன்? கேளம்பாக்கத்துக்குத்தான் மீன் எடுத்துகினு போறோம், தெனமும்."

இருபத்தாறு வருட அனுபவம் உடனே வேலை செய்தது. "அதெல்லாம் ஏத்தலாம்க்கா, ஒரு டெக்னிக் இருக்கு" என்றேன்.

"அப்டியா? தோ, எட்டே காலுக்கு வண்டி வருது. ஏத்திக் காட்டு."

பின்னால் இருந்த பெண்கள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். எஸ்தர் பெட்டியில் பாதிக்கு ஐஸும் மீனும் அள்ளிப் போட்டார். ராஜா என் போனை வாங்கி, "நான் புடிக்கிறேன் சார், நீ ஆக்சன் பண்ணு" என்றார்.

8.15. பேருந்து வந்தது. தூக்கினேன். முதுகில் எங்கோ ஒரு நரம்பு தன் இருப்பை அறிவித்தது. படிக்கட்டில் பெட்டியை நேராக வைத்தேன், கதவு இடித்தது. குறுக்கே வைத்தேன், கைப்பிடிக் கம்பி இடித்தது. சாய்த்தேன். மூடி திறந்துகொண்டு ஐஸ் தண்ணீர் முதல் இருக்கையில் இருந்த அம்மாள் மடியில் கொட்டியது. கூடவே நாலு காரப்பொடி.

"யோவ் அண்ணாத்த!" என்று கண்டக்டர் பின்னாலிருந்து பாய்ந்து வந்தார். "இன்னாயா இது, பொணப் பொட்டியா? எறங்கு! ஆபீசுக்குப் போற ஜனம் கீது உள்ள!"

"ரெண்டு டிக்கெட் வேணா எடுத்துக்கறேன் சார்..."

"பத்து எடு. பொட்டிக்கு இடுப்பு வளையுமா? எறங்குயா!"

கண்டக்டர் விசில் அடித்தார், வண்டி போய்விட்டது. நானும் பெட்டியும் சாலையில் நின்றோம். கரையே சிரித்தது. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. என் சட்டைப் பையில் ஒட்டியிருந்த ஒரு காரப்பொடியை எடுத்துத் தன் அலுமினிய அன்னக்கூடையில் போட்டார்.

"எங்களுக்கு சின்னதா இருந்தாப் போதும் சார். மடில நிக்கணும். தண்ணி ஒழுகக்கூடாது. ஒழுகிச்சின்னா பக்கத்துல குந்தினவ சேலை போயிடும். நாறுதுன்னு ஏசுவா. அந்த ஏச்சுக்குப் பயந்தே பாதிப் பேரு நின்னுகினே போறாளுங்க."

எவ்வளவு பெரிதாக வேண்டுமென்று கேட்டேன். கையை விரித்து அவருடைய பழைய கூடையின் மேல் சாண் போட்டுக் காட்டினார். நீளம் இரண்டு சாண், உயரம் ஒன்றரை. மாநாட்டு நோட்டில் குறித்துக்கொண்டேன். பிறகு அவராகவே கேட்டார்:

"ஒன் முகமே சரியில்ல. படம் இல்லன்னா ஆபீசுல ஏசுவாங்களா?"

"வேலையே போனாலும் போவும்க்கா."

"அடப்பாவமே. வாங்கடி இங்க. சாருக்காக ஒரு தபா சிரிங்க."

பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று, பற்கள் தெரிய, இரண்டு நிமிடம் சிரித்தார்கள். அப்படி ஒரு படம் எந்த விளம்பரக் கம்பெனியாலும் எடுக்க முடியாது. கொடுக்கப் போனவன் நான், வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறியவனும் நான்.

11.30. போனில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் பெண்கள் சிரித்தார்கள், இன்னொன்றில் கண்டக்டர் என்னை விரட்டினார். மேடைக்கு ஏழு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு முடிவு எடுத்தேன், அடுத்த படியில் மாற்றினேன். சிரிப்புப் படத்தைப் போட்டால் என் நாற்காலி தப்பும், நூற்றிருபது பெட்டிகள் கோவளத்து மணலில் வெயில் காயும். மேலே போனேன். நோட்டைத் திறந்தேன். எழுதி வைத்த பேச்சுக்கு மேலேயே அந்த இரண்டு சாணும் ஒன்றரைச் சாணும் கிறுக்கலாக இருந்தன.

கண்டக்டர் படத்தைப் போட்டேன்.

"பொணப் பொட்டியா?" என்ற குரல் எட்டு ஸ்பீக்கரில் முழங்கியது. மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் மீதியையும் சொன்னேன்: குடோன் கதை, லோகோவுக்காகவே பெரிய பெட்டியைத் தள்ளிவிட நினைத்தது, எல்லாம். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முன்வரிசையிலிருந்து மாலினி மேடம் கேட்டார். "அந்த எழுபது லிட்டரைக் கொடுக்கலாம்னு சொன்னது யாரு?"

"நான்தான் மேடம்."

"இப்ப என்ன அளவு கேக்கறாங்க?"

"ரெண்டு சாண், ஒன்றரை சாண்."

"யாரோட சாண்?"

"எஸ்தரக்காவோட சாண்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா என்று கண்டுபிடிக்கும் நிலையில் என் கண்கள் இல்லை. விளம்பரப் பிரிவு ஆள் ஒருவர் எழுந்து, "அந்தச் சைஸ்ல லோகோ எங்க சார் வரும்?" என்றார்.

மேடம் திரும்பாமலே சொன்னார்: "முதல்ல பெட்டி பஸ் ஏறட்டும்." பிறகு என்னிடம், "புதுப் பெட்டிக்கு மோல்டு போடறதுக்கு முன்னாடி அவங்களை ஃபேக்டரிக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்க சரின்னாத்தான் போடணும். இனிமே இந்த வேலை உங்களோடது. வேற வேலை எதையும் தலையில போட்டுக்காதீங்க."

எனக்கு வேலையே இல்லாமல் போய்விடுமோ என்றுதான் இரண்டு மாதமாக நான் தூங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன். ஏழு படிதான் என்பதை மறந்து, இல்லாத எட்டாவதையும் இறங்கப் பார்த்தேன்.

மாலை 4.30. மாமல்லபுரம் பேருந்து நிலையம். எஸ்தருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன். "ஃபேக்டரிக்கா? நான் மட்டும் வர மாட்டேன், பத்து பேரு வருவோம். ஆளுக்கு ஒரு கொறை சொல்லுவோம், தாங்குவியா?" என்றார். தாங்குவேன் என்றேன். இந்த ஒரு வாரத்தில் நான் பயப்படாமல் சொன்ன முதல் பதில் அது.

செங்கல்பட்டு வண்டி ஏறினேன். இந்தத் தடத்தில் பல வருடமாகப் போய் வருகிறேன். எப்போதும் ஜன்னலுக்கு வெளியே போட்டிக் கம்பெனிகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வருவேன். அன்று வண்டிக்குள்ளேயே பார்த்தேன். மடியில், காலடியில், கக்கத்தில், எல்லோரும் எதையோ இடுக்கிக்கொண்டு வந்தார்கள். திருக்கழுக்குன்றத்தில் ஒரு பூக்கார அம்மாள் ஈரத்துணி சுற்றிய கூடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சொட்டுகிற கூடையை முழங்காலால் தாங்கிப் பிடித்தார். நான் நோட்டை எடுத்தேன்.

"இன்னா எழுதறே? செக்கிங்கா?"

"இல்லம்மா. பிளாஸ்டிக் கம்பெனி. மார்க்கெட்டிங்."

"இன்னா விக்கிறே?"

"இன்னும் செய்யவே இல்லம்மா. இந்தக் கூடையில உங்களுக்கு இன்னா தொல்லை, அத்த சொல்லுங்க மொதல்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கூடையை என் மடியில் தூக்கி வைத்துவிட்டு ஆரம்பித்தார். செங்கல்பட்டு வர இன்னும் பதினாலு கிலோமீட்டர் இருந்தது. அவர் நிறுத்தவில்லை. என் பேன்ட் முழுக்க நனைந்துவிட்டது. நானும் எழுதுவதை நிறுத்தவில்லை.