ஏழு ஈர்க்குச்சிகள்

வேண்டாம், நாளைக்குப் போகலாம் என்று காலையிலேயே மகளிடம் சொன்னேன். நான் பர்மிங்ஹாமில் வந்து இறங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதில் பதினேழு நாள் மழை. மழை என்று சொல்லத்தக்க மழை நாலு நாள்தான். மீதிப் பதின்மூன்று நாளும் பெய்வதா நிற்பதா என்று தெரியாமல் தூறிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஓங்கிப் பெய்தது.

"நாளைக்கும் இதே மழைதான்பா. எனக்கு லீவு இன்னைக்குத்தான்" என்றாள் மகள்.

என் மனைவிக்கு ஜலதோஷம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவிலிருந்தே எங்களை வழியனுப்பினாள். "கடைக்குப் போயி படி எத்தினி, வெளக்கு எத்தினின்னு எண்ணிக்கினு நிக்காதீங்க. ஜல்தியா வாங்கிக்கினு வந்து சேருங்க."

மாப்பிள்ளையின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன். அவர் என்னைவிட அரை அடி உயரம். கோட்டு முழங்காலுக்குக் கீழே வந்தது. அதன் வெளிப்பையில்தான் அந்தப் பொட்டலத்தை வைத்தேன். உள்பை ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பொட்டலத்தில் இருந்தவை ஏழு ஈர்க்குச்சிகள். எங்கள் பக்கம், டவுனுக்கு வர முடியாதவர்களுக்குச் செருப்பு வாங்க வேண்டுமானால், துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை வைத்து, சரியாக அங்கே ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரர் அந்தக் குச்சியைச் செருப்புக்குள் வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். நம்பர் சொல்லிக் கேட்டால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அளவு. குச்சி மாறாது. ஐந்து குச்சிகள் கெடாரில் இருக்கும் என் மனைவியின் தங்கை வீட்டாருடையவை, ஆளுக்கு ஒன்று. அவர்களுக்கு வெளிநாட்டுச் செருப்பு என்ற பெயர் போதும். அரை விரல் கூடினாலும் குறைந்தாலும் போட்டுக்கொள்வார்கள். மீதி இரண்டும் விழுப்புரத்திலிருக்கும் என் அக்காவுடையவை. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று.

அக்காவுக்குச் சர்க்கரை. போன வருஷம் இடது காலில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு புண் வந்தால் பாதம் மிஞ்சாது என்று டாக்டர் என்னை வைத்துக்கொண்டேதான் சொன்னார். மெத்தென்று, மூடிய, கடிக்காத செருப்பாகப் போட வேண்டும். அப்படிப்பட்டது விழுப்புரத்திலேயே கிடைக்கிறது. கறுப்பாக, அகலமாக இருக்கும். அக்கா அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். "அத்தப் போட்டுக்கினு தெருவுல நடந்தா, இவளுக்கு வெரல் போயிடுச்சின்னு நானே தண்டோரா போட்ட மாதிரிடா. நீ அந்த ஊர்லேர்ந்து ஷூ வாங்கிக்கினு வா. பாக்கறவளுங்க ஃபாரின் ஷூன்னு வயிறு எரியட்டும்." ஒரு காலில் விரல் இல்லாததால்தான் இரண்டு காலுக்கும் தனித்தனி அளவு.

விமான நிலையத்தில் அந்தக் குச்சிகளைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பதினோரு மணி நேரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்ததை, பேருந்து நிறுத்தத்திலிருந்து கடை வரைக்கும் நடந்த நானூறு அடிக்குள் தொலைத்தேன். குச்சிகள் தொலையவில்லை. அதைவிட மோசமானது நடந்தது.

பதினாலாவது நிறுத்தத்தில் இறங்கினோம். இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். எனக்கு முன்னால் ஒன்பது பேர். நானும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காற்று குடையைப் பிடித்து மேல்நோக்கி மடக்கிவிட்டது. அதைத் திருப்புவதா, கோட்டைப் பிடிப்பதா, முன்னால் போகும் மகளைப் பார்ப்பதா என்று புரியவில்லை. சுற்றிலும் எல்லாம் கறுப்புக் குடை. ஒரு பெண்மணியை மகள் என்று நினைத்து முப்பது அடி பின்தொடர்ந்தேன். திரும்பிப் பார்த்தவள் சிரித்து, ஏதோ சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா போறீங்க? கடை இந்தப் பக்கம்!"

"நீதான்னு நெனைச்சேன்."

"அவங்களுக்கு அறுபது வயசுப்பா. நல்லா இருக்கு."

கடைக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கோட்டுப் பையில் கையை விட்டேன். தண்ணீர். மூடி இல்லாத பை, குளத்து மதகு மாதிரி எல்லாத் தண்ணீரையும் உள்ளே வாங்கியிருந்தது. ஒவ்வொரு குச்சியிலும் ஒரு துண்டுச் சீட்டைச் சுற்றி, இன்னாருடையது என்று எழுதி நூல் கட்டியிருந்தேன். ஏழு சீட்டும் நீலக்கூழாகி விரலில் ஒட்டின. முப்பத்து நாலு வருஷம் திண்டிவனம் பக்கத்து வயல்களில் சங்கிலி இழுத்து நிலம் அளந்தவன் நான். சர்வேயர். புதிதாக வேலைக்கு வந்தவர்களிடமெல்லாம், பென்சிலில் எழுது, மழை வந்தாலும் நிற்கும் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். என் சீட்டுகளை, எழுத்து அழகாக வருகிறதே என்று ஜெல் பேனாவில் எழுதியிருந்தேன்.

கடைப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பெஞ்சில் வரிசையாக வைத்திருந்த ஏழு ஈரக் குச்சிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவளை மெச்சுகிறேன். உலோகத்தால் செய்த கால் அளக்கும் பலகை ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு குச்சியையும் மரியாதையோடு அதில் வைத்து அளந்து, எண்ணைத் தாளில் எழுதினாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். அகலம் எவ்வளவு?

அகலம் என்று ஒன்று இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கான ஷூவில் நீளம் ஒன்றுக்கு ஐந்து அகலமாம். வயலை நீளம் மட்டும் அளந்து பட்டா கொடுத்தவன் உண்டா? வாய் வரைக்கும் வந்தது, யாரிடம் சொல்வது?

"அகலம் அப்புறம். மொதல்ல அத்தையோட குச்சி எதுன்னு கண்டுபிடிங்கப்பா" என்றாள் மகள்.

யோசித்தேன். விரல் போன கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும். ஆகவே ஒன்று நீளம், ஒன்று அதைவிடக் கொஞ்சம் குறைவு. அப்படிப்பட்ட ஜோடியைத் தேட வேண்டும். ஏழு குச்சிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் இருபத்தொரு ஜோடி. அதில் ஒரே ஒரு ஜோடி இம்மியும் பிசகாமல் ஒரே நீளம், இருபத்து மூன்றரை சென்டிமீட்டர். அந்த ஜோடி மட்டும் அக்காவுடையதாக இருக்க முடியாது என்று முதலில் ஒதுக்கினேன். மிச்சம் இருபது. குட்டை எவ்வளவு? அரை சென்டிமீட்டரா, ஒன்றரையா? அந்தக் காலை மனத்தில் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. சின்ன வயதில் அவள் கொலுசு போட்டிருந்த கால்தான் வந்தது. ஐந்து விரலோடு.

"அத்தைக்கே போன் பண்ணுங்களேன். அங்க இப்போ நாலரை மணிதான்."

எனக்கு மனமில்லை. மழையில் நனைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? மகளே வீடியோ அழைப்புப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள். எடுத்தது மாமா, அக்காவின் வீட்டுக்காரர். திருவாமாத்தூர்ப் பக்கத்து நிலத்திலிருந்து அப்போதுதான் வந்திருக்கிறார், தலையில் துண்டு.

"என்ன மச்சான், குளிரு எப்டி கீது?"

"மழைங்க மாமா. அக்கா இல்லீங்களா?"

அக்கா வந்தாள். திரையில் பாதி நெற்றிதான் தெரிந்தது.

"அக்கா, ஒன்னு கேக்கறேன். ஒன் ரெண்டு கால்ல எது எவ்ளோ நீளம்?"

"இன்னாடா கேள்வி இது? அங்க போயி மண்ட கொழம்பிடுச்சா?"

"குச்சியெல்லாம் கலந்துபோச்சிக்கா. ஒன்னோடது எதுன்னு தெரியல."

"ஆங்... ஊர் நெலத்தையெல்லாம் அளந்தவருக்கு ரெண்டு குச்சிய பாத்துக்க முடியல." பின்னால் மாமா சிரிப்பது கேட்டது. "ஒரே நீளமா ரெண்டு இருக்கும் பாரு. அதான் என்னுது."

"அது எப்டி ஒரே நீளமா இருக்கும்?"

திரையில் நெற்றியும் இல்லை, மின்விசிறிதான் தெரிந்தது. பிறகு குரல் வந்தது. "ரெண்டும் வலது கால்லதான்டா வெச்சி ஒடிச்சேன். அந்தக் கால தொடறதுக்கு எனக்கே புடிக்கல."

கோபம் வந்தது. பாதம் போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகும் இப்படிச் செய்வாளா? ஆனால் அவள் குச்சி ஒடித்த அன்று நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அவள் புடவையை லேசாகத் தூக்கியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஜன்னலில் பதினோரு கம்பி. அது ஞாபகம் இருக்கிறது. அவள் எந்தக் காலில் வைத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை.

"மாமா, ஒரு காலண்டர் தாள கிழிங்க. எடது கால அது மேல வெக்கச் சொல்லி, சுத்தி பேனாவால கோடு போடுங்க. நீளமும் அகலமும் ரெண்டும் வேணும்."

"கடை நடுவுல நின்னுக்கினு கால காட்டச் சொல்றான் பாரு. அந்த வெள்ளக்காரப் பொண்ணு வேற எட்டிப் பாக்குது" என்றாள் அக்கா. கடைப் பெண் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்து கையசைத்தாள். அக்கா ஒரு கணம் திகைத்து, அவளும் கையசைத்தாள்.

மாமா தாளைத் தரையில் போட்டார். கால் வந்தது. அப்போதுதான் நான் அதை முழுசாகப் பார்த்தேன். நான் பயந்த அளவுக்கு இல்லை. விரல் இருந்த இடம் மழுங்கி, மினுமினுவென்று இருந்தது. மாமா குனிந்து மெதுவாகக் கோடு போட்டார். "கூசுதுய்யா" என்றாள் அக்கா. மரத்துப்போன அந்தப் பக்கம் கூசாது என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கால எடுக்கா. தாள காட்டுங்க மாமா."

தாளில் பாதத்தின் கோடு இருந்தது. கோட்டுக்குள்ளே, விரல்களுக்குக் கீழே மேடான இடத்தில், ஒரு வட்டமான ஈரம்.

"அது என்னா?"

"தண்ணிடா. இப்பத்தான் கால் கழுவிக்கினு வந்தேன்."

"தண்ணி ஒரே எடத்துல வட்டமா நிக்குமா? மாமா, தாள கிட்ட கொண்டாங்க." கிட்டே வந்தது. மஞ்சள். ஓரத்தில் லேசான சிவப்பு. என் கையிலிருந்த போனை மகள் வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, அடிக்கால காட்டுங்க."

"எனக்கு வலியே இல்லியேடி."

"வலிக்காதுன்னுதானே பயமா இருக்கு. காட்டுங்க."

மாமாதான் காலைத் தூக்கித் திருப்பினார். புளியங்கொட்டை அளவு புண். சுற்றிலும் வெளுத்து ஊறியிருந்தது. மாமா தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

"போன கிருத்திகைக்கு மயிலம் மலக்கோயிலுக்கு வெறுங்கால்ல போனப்ப கால்ல ஏதோ குத்தியிருக்கும்" என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கும் கிருத்திகை. போயிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டறேன்."

"செருப்பு இல்லாம மலையேறிட்டு வந்தா காட்டறதுக்குக் காலு இருக்காது" என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கடையில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆட்டோ கூப்பிடறேன் மச்சான்" என்று மாமா போனை வைத்தார்.

கடைப் பெண் எனக்கு ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய தாளில் எழுதிய எண்களைக் காட்டி, எதை எடுத்துத் தரட்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. புண்ணோடு ஷூ போடலாமா? கட்டுப் போட்டால் அகலம் கூடுமா? ஆறிய பிறகு கால் இதே அளவில் இருக்குமா? இல்லை, கால்... அதற்கு மேல் நினைக்கவில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். கெடார் வீட்டாருக்கான செருப்புகளைக்கூடப் பார்க்கத் தோன்றவில்லை.

வெளியே மழை விடவில்லை. பக்கத்துக் காபிக் கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். மகள் வாங்கி வைத்த காபி ஆறியது. கூப்பிடலாமா, கூப்பிட்டால் டாக்டர் முன்னால் இருப்பார்களோ, கூப்பிடாவிட்டால் என்ன நினைப்பார்கள். மூன்று முறை போனை எடுத்து மூன்று முறையும் வைத்தேன்.

"ஷூ வாங்க வந்தோம், என்னவோ ஆயிடுச்சு" என்றேன்.

"ஷூ வாங்கியிருந்தா தெரிஞ்சிருக்காதுப்பா. அத போட்டு மூடிக்கினு இருந்திருப்பாங்க." அவள் சொன்னது சரிதான். ஆனால் அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாமா கூப்பிட்டார். சீழை எடுத்துச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. படம் எடுத்துப் பார்த்தார்களாம், எலும்புக்குப் போகவில்லை. அடுத்த வாரம் வந்திருந்தால் கதையே வேறு என்றாராம் டாக்டர். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், காலைத் தரையில் ஊன்றக் கூடாது.

"கால் இருக்குதில்ல மாமா?"

"இருக்குது மச்சான். இருக்குது."

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "ஒன்னாலதான்டா பத்து நாள் ஆஸ்பத்திரி இட்லி துன்னணும். கிருத்திகையும் போச்சி." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சரி, ஷூ வாங்கிட்டியா?"

"இல்லக்கா."

"வாங்கலியா? பின்ன அவ்ளோ நேரம் கடையில இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?"