அலை அடக்கிய அண்ணல் இருவர்

அண்ணன் பழந்தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்தபோது, மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்ப ராஜாவே இல்லியேடா. யாரப் பாடிப் பரிசு வாங்குவ?"

மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்ணன் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நின்றான். முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது தெரு. எங்கள் ஊர்த் தொகுதிகள் சிறியவை. அரசனைத் தேடிக் காடு மலை கடக்க வேண்டியதில்லை. அவனுக்கு வேண்டிய பரிசு, கட்சியில் தொகுதித் துணைச் செயலாளர் பதவி. அதற்காக இரண்டு வருடம் நின்றான். புலவர்கள் வாயிலில் காத்திருப்பதைப் பற்றி எழுதித்தான் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கியிருந்தான். இப்போது செய்முறைத் தேர்வு.

காத்திருந்த கூட்டத்தில் அவனைத் தனியாகக் காட்டியவை, தலைவருக்கு அவன் எழுதிக்கொடுத்த புகழ்ப் பட்டங்கள். பிறந்தநாள் பேனரில் 'ஏழைகளின் தோழன்' என்று யாரும் போடுவார்கள். அண்ணன் எழுதியதைப் படிக்க ஜனங்கள் வண்டியை நிறுத்தினார்கள். அவன் பட்டங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, சட்டையோடு துவைக்கப் போடுவான். எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொறியாளரான எனக்கு அது பொறுக்கவில்லை. எக்செல்லில் அட்டவணை போட்டேன்: பட்டம், நிகழ்ச்சி, பயன்படுத்தியதா இல்லையா. மொத்தம் அறுபத்திரண்டு பட்டங்கள்.

எதிர்க்கட்சியின் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கும் அவன்தான் எழுதிக்கொடுக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"இது தப்பில்லியாண்ணா?"

"ஒரே புலவன் மூணு ராஜாவயும் பாடியிருக்கான் பாப்பா. கட்சி தாவிட்டான்னு யாராவது சொன்னாங்களா? செம்மொழின்னுதான் சொன்னாங்க."

நியாயமாகப் பட்டது. 'யாருக்கு' என்று அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்.

இரண்டு தலைவர்களின் பிறந்தநாளுக்கும் நடுவே நான்கே நாள். எம்.எல்.ஏ.வின் பேனர் சந்திப்பில் ஏறிவிட்டது. முன்னாளுக்குப் பட்டம் கேட்டு அண்ணன் பஸ்ஸிலிருந்து போன் செய்தான். பயன்படுத்தாத ஒன்றைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் அதே சந்திப்பில் இரண்டு பேனர்கள் எதிரெதிரே நின்றன. இரண்டிலும் 'அலை அடக்கிய அண்ணல்'. இருவருமே கடற்கரைக்கு நடைப்பயிற்சிக்குக்கூடப் போகாதவர்கள்.

அட்டவணையைத் திறந்து பார்த்தேன். முந்தின வாரம் பட்டங்களை மட்டும் அகரவரிசைப்படுத்தியிருந்தேன். பக்கத்துக் கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன; பயன்படுத்திய பட்டத்துக்கு நேரே 'இல்லை' என்று வந்துவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் எச்சரிக்கும் தவறு.

எம்.எல்.ஏ. கூப்பிட்டனுப்பினார். அண்ணனின் இரண்டு வருடக் காலைகள் போச்சு. தவறு என்னுடையது என்பதால் நானும் போனேன்.

"இன்னா தம்பி, எனக்குத் தச்ச சட்டைய அவனுக்கும் மாட்டிவுட்டுட்டியாமே?"

"அவருக்கு லூசா இருக்குதாம் தலைவரே!" என்றார் வாசலில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தப்பு என்னுது சார்," என்று அகரவரிசை விவகாரத்தை முழுதாக விளக்கினேன். அவர் முடியும்வரை கேட்டார். ஒன்றும் புரியவில்லை என்பது தெரிந்தது. ஆனால் அவருக்கு வேறொன்று புரிந்திருந்தது.

"அவன் வூட்டுக்கு நீ போவியா? வாசலோட சரியா, உள்ள போவியா?"

அண்ணன் உண்மையைச் சொன்னான். "உள்ள போயி டீ குடிப்பேண்ணே."

"நீ நம்ம ஆளுன்னு தெரிஞ்சுமா உள்ள வுடறான்?"

"தெரிஞ்சுதாண்ணே."

"அந்தச் சேர இப்டிப் போடுங்கப்பா," என்றார் எம்.எல்.ஏ. இரண்டு வருடத்தில் அண்ணனுக்குக் கிடைத்த முதல் நாற்காலி.

இரண்டு கட்சிகளும் கூட்டணி சேரலாம் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. பேச ஆரம்பிக்கத்தான் ஆள் இல்லை; யார் போனாலும் விலைபோய்விட்டான் என்பார்கள். பட்டம் எழுதுகிறவன் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணன் அந்த வாரம் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி ஆறு முறை போய்வந்தான். அரசர்களுக்கிடையே புலவன் தூது போவதைப் பற்றியும் அவன் தேர்வில் எழுதியிருக்கிறான். ஏழாம் நாள் துணைச் செயலாளர் ஆனான்.

சந்திப்பில் அவன் படத்தோடு பேனர் ஏறியது: 'தூது நின்ற தூயோன்'. அட்டவணையில் அதற்கு நேரே, 'எந்த அரசியல்வாதிக்கும் பொருந்தாது' என்று நானே குறித்து வைத்திருந்தேன்.

அப்பா பேனரை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "பரிசு வாங்கிட்டானே. யாரப் பாடுனான்?"

"ரெண்டு பேரையும்பா."

வீட்டுக்கு வந்து என் குறிப்பை அழித்துவிட்டு, 'பயன்படுத்தியது' என்று மாற்றினேன். 'யாருக்கு' என்ற கட்டத்தில் முதல்முறையாக அண்ணன் பெயரைப் போட்டேன்.