மூன்று புள்ளி நான்கு எட்டு

எழுபதுகளின் நடுவில் சின்னக்கானல் பக்கத்து எஸ்டேட் பள்ளி ஒன்றில் எனக்குத் தற்காலிக வாத்தியார் வேலை கிடைத்தது. நிலவியலில் பட்டம் வாங்கியவன் நான். அங்கே நான்காம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் யாரும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கல்லைப் படிக்கப் போன பயல் மலையில் போய் உட்கார்ந்துகொண்டான் என்று அப்பா கரும்புக் காட்டில் வேலை செய்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்கிற மாதிரி, கல்லூரியில் வாங்கிய உருப்பெருக்கி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். யாராவது ஒரு கல்லைக் காட்டிவிட்டால் போதும், அரை மணி நேரம் விடமாட்டேன். எதிர்த்துப் பேசினால் மூக்குக்கு மேலே கோபம் வரும். 'கல்லு சார்' என்று பேர் வந்துவிட்டது. கேலிதான் என்று தெரிந்தும் உள்ளுக்குள் பிடித்திருந்தது.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அக்கா என் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இலங்கையிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டு வந்தவர்களில் ஒருவர். பயணக் காகிதம் வருவதற்கு முன்பே கணவர் இறந்துவிட, ஒரே மகளோடு வந்து, இங்கே தங்கச்சி குடும்பம் இருக்கிற லயத்தில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், ஒண்டிக்கொண்டு, கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கல்லை என் மேசையில் வைத்தார்.

புளியங்கொட்டை அளவு. பட்டை தீட்டியது. கருப்பட்டிப் பாகின் நிறம். ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பினால் ஒரு பக்கம் வெளிறிய பழுப்பும், இன்னொரு பக்கம் பச்சை கலந்த பழுப்பும் காட்டியது.

"எங்க வீட்டுக்காரரு ரத்தினபுரிப் பக்கம் வேல இல்லாத நாள்ல ரத்தினக் கல்லு தோண்டுற குழியில சரளை அரிக்கப் போவாரு சார். அங்க கெடச்சது. இது நாம இருக்கிற மண்ணுல கெடக்கிற கல்லு, இதுக்குக் கூட்டாளியே கெடையாதுன்னு சொல்லிக் குடுத்தாரு. கப்பல் ஏறுற எடத்துல சோதன போட்டவரு, டானிக் பாட்டில் சில்லுன்னு சிரிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துட்டாரு. தங்கச்சி மாப்பிள்ளையும் இப்ப அதத்தான் சொல்றாரு."

ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். தகப்பன் விட்டுப்போனது இந்த ஒன்றுதான், அதனால் மகள் கழுத்துச் சங்கிலியில் இதை டாலராகக் கட்டவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் இரண்டு பயம் இருந்தது. கண்ணாடியாக இருந்தால் சம்பந்தி வீட்டில் மகள் தலைகுனிய வேண்டும். கோமேதகமாக இருந்தால் அது ராகுவின் கல். ஜாதகம் பார்க்காமல் அதைப் புதுப்பெண் கழுத்தில் கட்ட எந்த மாமியாரும் விடமாட்டாள். கண்ணாடியும் இல்லை, கோமேதகமும் இல்லை என்று படித்தவர் ஒருவர் சொல்லவேண்டும். அதற்குத்தான் வந்திருந்தார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலி டானிக் பாட்டில் ஒன்றை எடுத்து, கல்லின் ஓரத்தால் அதில் ஒரு கீறல் போட்டேன். கண்ணாடியில் கோடு விழுந்தது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக, கண்ணாடி இல்லை. அடுத்து உருப்பெருக்கியில் கல்லுக்குள் பார்த்தேன். அடிப்பக்கத்துப் பட்டைகளின் ஓரங்கள் ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஒளியை இரண்டாகப் பிரிக்கிற கல் அது. கோமேதகம் அப்படிப் பிரிக்காது. அக்காவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆமா, ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றார். முகம் அப்போதே மலர்ந்துவிட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கல்லின் பேரையும் சொல்லியே தீரவேண்டும் என்று எனக்கு வீம்பு. கடைத்தெருவில் நகை செய்கிற பத்தரிடம் போய்த் தராசைக் கேட்டோம். கல்லை நூலில் கட்டி முதலில் சும்மா நிறுத்தேன். பிறகு தண்ணீரில் முங்கியபடி நிறுத்தேன். அக்காதான் தம்ளரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரில் எவ்வளவு எடை குறைகிறதோ அதால் முழு எடையை வகுத்தால் அடர்த்தி வரும். மூன்று முறை நிறுத்தேன். மூன்று முறையும் வாய்விட்டுச் சொன்னேன், "மூன்று புள்ளி நான்கு எட்டு."

பழுப்பு நிறம், இந்தக் கடினம், இரட்டையாகத் தெரிவது எல்லாம் சேர்ந்து, இது ஆலிவின் என்கிற கனிமம் என்று என் மனசு அதற்குள் முடிவு கட்டிவிட்டது. ஆனால் நகைக்குப் போகிற ஆலிவினுக்கு என் கல்லூரிப் புத்தகத்தில் போட்டிருந்த எண் மூன்று புள்ளி மூன்று நான்கு.

இந்த இடத்தில் எங்கள் படிப்பில் நடந்த ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லவேண்டும். செய்முறை வகுப்பில் எங்களுக்கு வந்த எண் புத்தகத்து எண்ணோடு ஒட்டாவிட்டால், ரெக்கார்டு நோட்டில் புத்தகத்து எண்ணையே எழுதிவிடுவோம். மதிப்பெண் அதற்குத்தான். மூன்று வருஷம் பழகிய கை. பத்தர் கொடுத்த துண்டுக் காகிதத்தில் 'ஆலிவின், அடர்த்தி 3.34' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணம்கூட வரவில்லை. தராசு மட்டம், நூல் ஈரம் என்று மனசுக்குள்ளேயே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன்.

அக்கா காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது அங்க மட்டும் கெடைக்கிறதா சார்?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "இதெல்லாம் உலகம் பூரா கெடக்குதுங்கக்கா. குழிக்காரங்க அப்படித்தான் கதை உடுவாங்க. உங்க ஊட்டுக்காரரு நம்பீட்டாருங்க."

அக்கா காகிதத்தை இரண்டாக மடித்தார். கல்லையும் காகிதத்தையும் முடிந்துகொண்டு போனார். இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி மாப்பிள்ளை என்னை வழியில் நிறுத்தி, ஓணம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லைப் போடிக்குக் கொண்டுபோய் நகைக்கடையில் கொடுத்துவிட்டு, பெண்ணுக்குச் சிவப்புக் கல் கம்மல் வாங்கிவரப்போவதாகச் சொன்னார். "உலகம் பூரா கெடக்குறத வச்சு என்ன செய்ய, சார்?" என்றார். என் வார்த்தை லயத்துக்குள் போய்விட்டிருந்தது.

ஓணம் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கடைசிச் சனிக்கிழமை, பழைய புத்தகம் ஒன்றைத் திருப்பிக்கொடுக்க நான் படித்த கல்லூரிக்குப் போனேன். என் வகுப்புத் தோழன் அங்கே ஆய்வகத்தில் வேலையில் இருந்தான். புதிதாக வந்த கனிமப் புத்தகம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துவந்து காட்டினான். சும்மா புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

சின்ஹலைட். பழுப்பு நிறம். திருப்பினால் சாயல் மாறும். கண்ணாடியைக் கீறும். ஒளியை இரண்டாகப் பிரிக்கும். இலங்கை ஆற்றுச் சரளையில் கிடைக்கும், அந்தத் தீவை விட்டால் வெகு சில இடங்களில்தான். பழுப்பு ஆலிவின் என்று நினைத்து எத்தனையோ காலம் பெட்டிகளில் பூட்டி வைத்திருந்தார்களாம். ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்புதான் வேறு கனிமம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அடர்த்தி, மூன்று புள்ளி நான்கு எட்டு.

பத்தர் கடையில் நான் மூன்று முறை சொன்ன எண். என் கையால் நானே மறைத்த எண்.

ஏன் இந்தக் குழப்பம் என்று அந்தப் பக்கமே சொன்னது. ஆலிவினுக்குள் அணுக்கள் நிற்கிற ஒழுங்கும் இதற்குள் நிற்கிற ஒழுங்கும் ஒன்றுதான். எஸ்டேட் லயத்தில் எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே கதவு. யார் குடியிருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். அந்த மாதிரி, ஆலிவினில் சிலிக்கான் இருக்கிற வீட்டில் இங்கே போரான் குடியிருக்கிறது. கூட மக்னீசியமும் அலுமினியமும். அதனால் இது சிலிக்கேட் அலமாரியில் வைக்கவேண்டிய கல்லே இல்லை, போரேட். பத்தர் பற்றவைக்கப் போடுகிற வெங்காரம் இதற்கு ஒருவகையில் பங்காளி. எஸ்டேட் கிளப்பில் கேரம் பலகை மேல் தூவுகிற பவுடரும்தான். அவை தண்ணீரில் கரையும், நகத்தால் கீறலாம். அந்த மெத்துக் கூட்டத்தில் பிறந்து, கண்ணாடியைக் கீறுகிற ஒன்று.

எடை கூடியதை இரும்பின் தலையில் கட்டப் பார்த்தேன். இரும்பு மிகுந்த ஆலிவினும் கனக்கும். அப்படியானால் ஒளி விலகல் எண்ணும் கூடவே ஏறியிருக்க வேண்டும் என்றான் தோழன். கல்யாணத்துக்கு முன் அக்காவிடம் கல்லைக் கேட்டு வாங்கிப்போய் அதையும் அளந்தோம். ஏறவில்லை, சின்ஹலைட்டுக்குச் சொன்ன எல்லைக்குள்தான் நின்றது. ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை என் தலையில் ஓடியது ஒன்றே ஒன்று: நாளைக் காலையில் போடி பஸ்.

வீட்டுக்கு ஓடிப் பையை எடுத்தேன். "ஏங் கண்ணு, நாளைக்குப் போறேன்னீல்ல? சோறாச்சும் உண்டுட்டுப் போ" என்றார் அம்மா. "ஒரு கணக்குத் தப்பாப் போச்சுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போய், மூணாறு பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, விடிந்ததும் முதல் வண்டியில் ஏறினேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தங்கச்சி மாப்பிள்ளை வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

அக்காவும் மகளும் உள்ளே அடுப்படியில் இருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். கல்லின் பேர் வேறு, அபூர்வமான கல், அந்தத் தீவின் பேரையே அதற்கு வைத்திருக்கிறார்கள், உங்கள் வீட்டுக்காரர் சொன்னது ஏறக்குறைய முழுக்கச் சரி என்றேன். கடைசியாக, "தராசு காட்டுனதை நான் எழுதலீங்கக்கா. புத்தகத்துல இருந்ததை எழுதீட்டேன். தப்பு எம்பேர்லதானுங்க" என்றேன்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அன்னைக்கே பாத்தேன் சார். வாயால மூணு வாட்டியும் மூணு புள்ளி நாலு எட்டுன்னீங்க. கையி மூணு புள்ளி மூணு நாலுன்னு எழுதுச்சு."

"அப்பவே கேட்டிருக்கலாமில்லீங்க?"

"முப்பது வருசமாக் கொழுந்து நிறுக்கிற எடத்துல நிக்கிறவ சார் நான். முள்ளு ஒண்ணு காட்டும், கணக்கப்பிள்ளை ஒண்ணு எழுதுவாரு. கேட்டா மறுநாள் வேலைப் பட்டியல்ல நம்ம பேரு இருக்காது. பாத்து மனசுல வச்சுக்கிறதுதான்." அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார். "போடிக்குக் குடுக்க மாட்டேன்னு நேத்தே சொல்லிட்டேன். இவரு சும்மா ஜவுளி எடுக்கப் போறாரு."

எனக்கு விளங்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த பிறகு எதை நம்பி வைத்துக்கொண்டார் என்று கேட்டேன்.

"தராச நம்புனேன். நீங்க எழுதுனது தப்புன்னா, அவரு ஏமாந்தாருன்னு நீங்க சொன்னதுந்தான தப்பா இருக்கணும்?"

என் மூன்று வருஷப் படிப்பில் யாரும் எனக்கு இவ்வளவு நேராக யோசித்துக் காட்டியதில்லை. ஊர் முழுக்க என்னைக் கல்லு சார் என்று கூப்பிட, என் பொய்யை இத்தனை நாள் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல் என் மானத்தைக் காத்திருக்கிறார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் தீரவில்லை.

காகிதத்தைக் கேட்டேன். அரிசி டப்பாவிலிருந்து கல்லோடு சேர்த்து எடுத்துக் கொடுத்தார். ஆலிவினையும் எண்ணையும் அடித்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே 3.48 என்று எழுதினேன். கீழே மறுபடியும் கையெழுத்துப் போட்டேன்.

அவர் வெளிச்சத்துக்குப் போய், கொழுந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் படித்தார். "எழுதுன கணக்கத் திருத்த எந்தக் கணக்கப்பிள்ளையும் திரும்பி வந்ததில்ல சார்" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

"இங்க வாடி. உங்கப்பா சொன்னது சரியாம்."