பச்சை இலைக்கு நான் போடாத கையெழுத்து

1. ஒரு பக்கக் கடிதம்

மலேசியாவில் தெலுக் பங்லிமா காராங்கில் உள்ள ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் சுற்றுச்சூழல் அதிகாரியாக இருந்தேன். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்த சமயம், ஒரு திங்கட்கிழமை காலை ஜெனரல் மேனேஜர் ஜெகநாதன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு மாதிரிப் பெட்டி இருந்தது. அதில் ஒரு பச்சை இலையும், கீழே ‘கார்பன் நியூட்ரல்’ என்ற எழுத்தும் அச்சாகியிருந்தன.

“வெளிநாட்டு கஸ்டமர் கேக்குறான், சாந்தா. கார்பன் கிரெடிட் வாங்கியாச்சு. ஒரு காட்டை வெட்டாம காப்பாத்துற ப்ராஜெக்ட். நம்ம பாய்லர் புகைக்கு அந்தக் காடு ஈடு. நீங்க இதுல சைன் பண்ணா முடிஞ்சது.”

ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினார். எங்கள் தொழிற்சாலையால் காற்றில் சேரும் கார்பன் பூஜ்யம் என்று நான் உறுதி கூறுவதாக அதில் எழுதியிருந்தது.

“ப்ராஜெக்ட் டாக்குமென்ட்டை படிச்சிட்டு போடுறேன் சார்.”

“அதெல்லாம் கிரெடிட் வாங்கிக் கொடுத்த கன்சல்டன்ட் பாத்துட்டாரு லா.”

“இதுல அவர் பேரு இல்லையே, என் பேருதானே இருக்கு” என்றேன். முகம் சுருங்கினாலும் ப்ராஜெக்ட் ஃபைலைக் கொடுத்தார்.

2. யாரும் வெட்டப்போகாத காடு

இரண்டு நாள் படித்தேன். முன்பக்கங்கள் முழுக்கப் புலியும் அருவியும்தான். விஷயம் பின்னிணைப்பில் இருந்தது. அந்தக் காட்டை அரசாங்கம் பல வருடம் முன்பே பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்து, மரம் வெட்டத் தடை போட்டிருந்தது. இந்தத் திட்டம் அதற்கு அப்புறம் வந்தது.

கன்சல்டன்டுக்கு போன் செய்தேன். இங்கே படித்து வளர்ந்த இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார்.

“தடை இருக்கே தம்பி. அப்போ யாரு வெட்டப்போனாங்க, நாம நிறுத்துறதுக்கு?”

“ரிஸ்க் இருக்கு மேடம். நாளைக்கு சட்டம் மாறலாம். சர்டிஃபிகேட்ல சீரியல் நம்பர்கூட இருக்கு.”

“நம்பர் இருக்கட்டும். நாம காசு கொடுக்கலேன்னா அந்த மரம் விழுந்திருக்குமா?”

“அப்படி யாராலயும் நிரூபிக்க முடியாது மேடம்.”

போனை வைத்துவிட்டு பாய்லர் அறைக்கு நடந்தேன். அங்கே மாரிமுத்து அண்ணன் பொறுப்பு. பின்பக்கச் சாக்கடையிலிருந்து நீராவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. நீராவிக் குழாயில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியே விட்டு, ஆவியை உள்ளேயே நிறுத்த வேண்டியது ஸ்டீம் ட்ராப். எங்கள் ட்ராப்புகளில் பாதி பழுது. ஆவி வீணாகப் போக, அதை ஈடுகட்ட பாய்லர் கூடுதல் கேஸ் எரித்தது.

“மூணு வருசமா ரிப்பேர் புக்குல எழுதுறேன்மா. புது ட்ராப்புக்கு பட்ஜெட் இல்லேங்கிறாங்க” என்றார் மாரிமுத்து அண்ணன்.

காட்டுக்கு இருந்த பட்ஜெட் இதற்கு இல்லை. அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.

3. பந்திங்கில் பார்த்தது

கோபத்தில் முடிவெடுத்ததாக யாரும் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். இந்த வியாபாரம் மொத்தமும் ஏமாற்றா என்று நேரில் பார்க்க, சனிக்கிழமை பந்திங் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனை ஆலைக்குப் போனேன். கழிவுநீர்க் குளத்தின் மேல் பெரிய கறுப்பு விரிப்பைப் போர்த்தி, கிளம்பும் மீத்தேனைப் பிடித்து எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அங்கே இருந்த இன்ஜினியர் செந்தில் மதுரைக்காரர், வேலை விசாவில் வந்தவர்.

“முதலாளி மொதல்ல ஒத்துக்கவே இல்ல மேடம். கிரெடிட் வித்து காசு வரும்னு கணக்கு காட்டின பிறகுதான் குளத்தை மூடினாரு. இல்லேன்னா கேஸ் பூரா வானத்துக்குத்தான் போயிருக்கும்.”

கண்ணெதிரே தெரிந்தது. இது உதவிதான், மறுக்க மாட்டேன். ஆனால் கிளம்பும்போது செந்திலே கேட்டார்: “ஆனா மேடம், எங்ககிட்ட வாங்கிட்டா உங்க பாய்லர்ல கேஸ் எரியிறது நின்னுடுமா?”

நிற்காது. நல்ல கிரெடிட் வாங்கினாலும் எங்கள் புகை எங்கள் புகைதான்.

4. கோடவுனுக்கு மாற்றல்

திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டத்தில் கடிதத்தைத் திருப்பி வைத்தேன்.

“சைன் பண்ண மாட்டேன் சார். காட்டுக்குக் கொடுத்த காசுல பாதி அளவு போட்டு ட்ராப் மாத்துங்க. எவ்வளவு கேஸ் குறைஞ்சதுன்னு எழுதிக் கொடுங்க, அதுல பெரிசா சைன் போடுறேன்.”

“ஊர்ல எல்லா கம்பெனியும் பண்ணுது. உங்களுக்கு மட்டும் என்ன?”

“எல்லாரும் பண்றாங்கங்கிறது எனக்குப் பதில் இல்ல சார்.”

“நீங்க இல்லேன்னா வேற ஆள் போடுவாங்க.”

“போடட்டும். என் கை போடாது.”

வேறு ஆள் போட்டார், மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர். என்னைக் காகித உருளை அடுக்கும் கோடவுனுக்கு மாற்றினார்கள். கிள்ளானில் இருந்த என் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் வழியில் முதல் வாரம் அழுதேன், பொய் சொல்லவில்லை. கேன்டீனில் நான் உட்கார்ந்த மேசையில் மாரிமுத்து அண்ணனைத் தவிர யாரும் உட்காரவில்லை.

நான்கு மாதம் கழித்து கஸ்டமரின் ஆடிட்டர் வந்தார். வழக்கமாகப் போடும் ஆளை விட்டுக் கையெழுத்து ஏன் மாறியது என்று ஜெகநாதனைக் கேட்டிருக்கிறார். சொன்ன பதில் பிடிக்காமல், நேராகக் கோடவுனுக்கே வந்து என்னிடம் கேட்டார். பின்னிணைப்பு எந்தப் பக்கம் என்று சொன்னேன். பிறகு பாய்லர் அறைக்குக் கூட்டிப்போய்ச் சாக்கடையைக் காட்டினேன். ஜெகநாதன் பின்னாலேயே வந்தார். என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

அந்த வருடமே இலை பெட்டியிலிருந்து போனது. ஆர்டர் போகவில்லை. ட்ராப்புகளை மாற்ற வேண்டும் என்று மட்டும் கஸ்டமர் நிபந்தனை வைத்தார். மாற்றினார்கள். கேஸ் செலவு குறைந்ததை மாரிமுத்து அண்ணன் கோடவுன் வாசலுக்கே வந்து கத்திச் சொன்னார்.

என் பழைய நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. கோடவுனிலேயே ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரத்தில் ஜெகநாதன், “கொஞ்சம் வளைஞ்சு கொடுத்திருந்தா மேனேஜராவே போயிருக்கலாம் சாந்தா” என்றார்.

“அந்தக் கடுதாசி என் பேருல ஊர் சுத்தியிருக்கும் சார்” என்றேன்.

இந்த வேலைக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். கிரெடிட் வாங்கலாம். வாங்குவதற்கு முன், நம் காசு இல்லாவிட்டால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று கேளுங்கள். அதற்கும் முன், உங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். யாராவது பதில் சொல்லாமல் பேனாவை மட்டும் நீட்டினால், அதை வாங்காதீர்கள்.