ஒயர் நிறத்தில் ஆறு பேர்

எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. கம்பெனியில் மீட்டிங் என்றால் தூணுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவள் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதப்போகிற விஷயத்துக்காக மட்டும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவள். நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தேன். ஒரே கேம்தான். அதை இன்று வரை முடித்ததில்லை, முடிக்கிற எண்ணமும் இல்லை.

எங்கள் வீடு படப்பையில். கணவர் தாம்பரம் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எனக்கு ஒரகடத்தில் ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை. ஒரு காருக்குள் ஓடுகிற ஒயர்களையெல்லாம் பெரிய பலகையில் வரிசையாகப் படுக்கவைத்து, முனைகளைச் சொருகி, டேப் சுற்றிக் கட்டாக்கி அனுப்புவோம். மகன் பாலிடெக்னிக் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் இருந்தது. அவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் லேப்டாப் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பழையதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தோம்.

அவன் ஆடும்போது பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வாளும் மந்திரமும் பூதமும் உள்ள கேம். ஆடுவதற்கு முன் நமக்கென்று ஒரு ஆளை நாமே செய்துகொள்ள வேண்டும். அவன் அதில் நேரம் செலவழிக்க மாட்டான். வந்த முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு சண்டைக்கு ஓடுவான். எனக்கோ அந்த முதல் பக்கம்தான் பிடித்தது. அங்கே முகம் முழுதாக வராத ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கும். மூக்கை நீட்டலாம், தாடையைச் சுருக்கலாம், முடியை நரைக்கவிடலாம். பிறகு பலம், புத்தி, வேகம், பேச்சு என்று நாலுக்கும் புள்ளிகளைப் பங்கு போட வேண்டும். இருக்கிற புள்ளி கொஞ்சம்தான். ஒன்றில் ஏற்றினால் இன்னொன்றுக்குக் கிடைக்காது. மகன் நாலிலும் சமமாக வைப்பான். எதற்கு அப்படி ஒரு ஆள் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

இரண்டாவது ஷிஃப்ட் வாரங்களில் காலை முழுவதும் வீட்டில் நான் மட்டும் இருப்பேன். அப்படி ஒரு நாள் துணியை எடுத்தேன்.

முதலில் ஒரு பெண்ணைச் செய்தேன். உயரமானவள், நரைத்த தலை. பலத்துக்கு ஒரு புள்ளிகூட வைக்கவில்லை, எல்லாவற்றையும் பேச்சில் வைத்தேன். அடுத்து பெயர் கேட்டது. ஆங்கிலத்தில்தான் அடிக்க முடியும். தெரிந்தவர்கள் பெயரை வைத்தால் அவர்கள் முகம் குறுக்கே வரும். யோசித்துக்கொண்டே இருந்தபோது விரல் தானாக எல்டபிள்யூ என்று அடித்தது. எங்கள் கம்பெனியில் ஒயருக்கு நிறத்தின் எழுத்துதான் பெயர். பி என்பது கறுப்புக்குப் போய்விட்டதால் நீலத்துக்கு எல். நீலத்தில் வெள்ளைக் கோடு ஓடினால் எல்டபிள்யூ. வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் கொஞ்ச நாள் இதில் தடுமாறுவார்கள். பிறகு தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

கேம் ஒரு கோட்டைக் கதவில் ஆரம்பிக்கும். ஈட்டி பிடித்த காவல்காரன் ஒருவன், நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்பான். நாம் சொல்ல நாலைந்து பதில்கள் கீழே வரும். மகன் விட்டுப்போன டிக்‌ஷனரியை மடியில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். எல்டபிள்யூ பேசினாள், அவன் சிரித்துக் கதவைத் திறந்தான். நான் பேசி ஒரு கதவு திறந்தது அதுதான் முதல் தடவை.

இந்த ஆளிடம் பேசத் தெரியாதவள் வந்து நின்றால் என்ன செய்வான் என்று தோன்றியது. அதைப் பார்க்கவே பிஆர் என்று ஒருத்தியைச் செய்தேன். பிரவுன். குட்டையாக, அகலமாக, பலம் மட்டும் உள்ளவள். காவல்காரன் ஒன்றும் கேட்காமல் விலகிக்கொண்டான். அடுத்து ஜிஆர், சாம்பல் நிறம், திருட்டுக் கை. உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அதற்குப் பிறகு ஒய், மஞ்சள், வைத்தியம் தெரிந்தவள். அவளிடம் மட்டும் அவன் ஈட்டியைச் சுவரில் சாத்திவிட்டுக் காலை நீட்டிக் காட்டினான். முழங்காலுக்குக் கீழே ஆறாத புண்.

அன்றைக்கு அதற்கு மேல் ஆடவில்லை. அவன் முன்னால் எல்டபிள்யூ எத்தனையோ பேசியிருக்கிறாள். காலில் புண் இருப்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று உட்கார்ந்திருந்தேன்.

ஆறு பேருக்குத்தான் கேமில் இடம். ஆறையும் நிரப்பினேன். மற்ற இருவரைப் பற்றி எழுதினால் நீளும். ஆறு பேரில் வெகுதூரம் போனவள் எல்டபிள்யூதான். ஆற்றைத் தாண்டி மலைக் கணவாய் வரைக்கும், ஒருவரையும் வெட்டாமல். வெட்டாமல் போவது அந்த கேமுக்குப் பிடிக்காது. எல்லா மூலையிலும் கையில் ஒரு கத்தியைக் கொடுக்கும். சண்டை வரும் இடத்தில் சுற்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் பேசிப் பார்க்க வேண்டும், அதுவும் ஆகாவிட்டால் ஓட வேண்டும். இரண்டு வருஷம் அப்படிக் கொண்டுபோனேன்.

நான் ஆடுவது வீட்டில் தெரிந்துபோனதும் கேலிக்குக் குறைவில்லை. "உள்ள ஆறு பேரு குடி வெச்சிக்கிற, வாடகையாச்சும் வாங்கு" என்பார் கணவர். மகன் போனில் கேட்பான், "ம்மா, டிராகன கொன்னியா?"

"இல்ல. புதுசா ஒருத்தி கேட்டாண்ட நிக்கறா."

"இன்னும் கேட்டுலயேவா? உன் கம்பெனி செக்யூரிட்டி கூட அத்தினி நேரம் நிக்க வெக்க மாட்டானே."

இதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்டவர்கள் உண்டு. எங்கள் தெருவில் வருஷக்கணக்காக ஒரே சீரியல் பார்க்கிறார்கள். அது எப்போது முடியும், அதில் உனக்கு என்ன கிடைத்தது என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. கிரிக்கெட் பார்க்கும் ஆண்களைக் கேட்பதில்லை. என்னைக் கேட்டார்கள். கஷ்டத்தை மறக்க ஆடுகிறாள் என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. நான் எதையும் மறப்பதற்கு ஆடவில்லை. ஒரே கதவில் ஆறு பேராகப் போய் நின்று பார்க்கிறேன். எனக்கு அது பிடித்திருக்கிறது. அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

ஒரு பொங்கலுக்கு மகன் லீவில் வந்தான். அந்த மூன்று நாளும் எனக்கு அடுப்படியிலேயே போனது. காணும் பொங்கலன்று நாத்தனாரும் வந்திருந்தாள். எல்லோருக்கும் டீ கொண்டு கூடத்துக்கு வந்தேன். மகன் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தான். ஆட்களின் பட்டியல் திரையில் இருந்தது. முதல் இடத்தில் தாடி வைத்த ஒரு ஆள், மகன் பெயரில்.

"மொத எடத்துல இருந்தவ எங்கடா?"

"எது, எல்டபிள்யூவா? எடம் இல்லம்மா, தூக்கிட்டேன்."

கம்பெனியில் கான்ட்ராக்ட் பெண்களை நிறுத்தும்போதும் இதே வார்த்தைதான். ஆளைத் தூக்கிட்டாங்க என்பார்கள். டீத் தட்டைக் கீழே வைத்தேன்.

"யாரக் கேட்டுத் தூக்கின?"

"டெஸ்ட்டுக்கு போட்டதுன்னு நெனச்சேம்மா. பேரே வெக்காம சும்மா ரெண்டு எழுத்து அடிச்சி வெச்சிக்கீற."

"அது பேரு தான்."

"எல்டபிள்யூ ஒரு பேரா?"

"நீலத்துல வெள்ள கோடு."

அவன் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். கட்டிலில் படுத்திருந்த கணவர் சிரித்தார். "இன்னாடா, கூடப் பொறந்ததையே தூக்கிட்டியா?"

மகன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வருத்தப்பட்டதால்தான் அடுத்ததையும் சொன்னான். "சரி வுடும்மா. சிஸ்டமே ஸ்லோவா கீது. மொத்தமா ஃபார்மட் பண்ணி கேம புதுசா போட்டுத் தர்றேன். ஒரே ஆள வெச்சி ஒழுங்கா கடைசி வரைக்கும் ஆடு." சி.டி.யை எடுத்துவிட்டான். அதைப் போட்டால் மிச்சம் இருந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள்.

"போவட்டும் அண்ணி" என்றாள் நாத்தனார். "கொழந்த ஆசையா செஞ்சி தர்றேன்றான். பொம்மைங்க தான?"

போகட்டும் என்பது எனக்குப் பழகிய வார்த்தை. எதைக் கேட்டாலும் முதலில் அதுதான் வாயில் வரும். அன்றைக்கும் வந்தது. அதை விழுங்கினேன்.

"வேணாம்" என்றேன்.

"இன்னா வேணாம்?"

"ஃபார்மட் வேணாம். சி.டி.ய உள்ள வெய்யி."

"எல்லாம் வெறும் ஃபைலும்மா."

"ஃபைலோ இன்னாவோ. நான் செஞ்சது."

"முடிக்கவும் மாட்டேன்ற, அப்பறம் எதுக்கு இத்தினி பேரு?"

அவனுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு வரவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டேன். "அந்த கேட்டுக்காரனுக்கு கால்ல புண்ணு கீது. தெரியுமா உனக்கு?"

"எந்த கேட்டுக்காரன்?"

"ஆரம்பத்துலயே நிக்கறான் பாரு, ஈட்டி வெச்சிக்கினு."

"அவனா? அவன நான் வந்ததும் வெட்டிட்டேன்."

கணவர் எழுந்து உட்கார்ந்தார். மகனுக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. சி.டி.யை உறைக்குள் போட்டான்.

"அவள திரும்பச் செய்யணும்" என்றேன். "எடம் வேணும்."

"ஆறும் ஃபுல்லும்மா. யாரத் தூக்கட்டும்?"

"உன்னத் தூக்கு."

"பெத்த புள்ளைய பாத்து சொல்ற பேச்சா அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"ம்மா, லீவு பூரா உக்காந்து ஆடிக்கீறேன். எவ்ளோ தூரம் வந்துட்டேன் தெரியுமா?"

"அவ ரெண்டு வருஷம் நடந்தா."

தாடிக்காரனை அவன் கையாலேயே அழித்தான். நிச்சயமா என்று கேம் கேட்டது. அதற்கும் அழுத்திவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தான்.

அதுவரை வீட்டில் ஆட்கள் இருக்கும்போது நான் ஆடியதில்லை. அன்றைக்கு மூன்று பேரும் பார்க்க உட்கார்ந்தேன். உயரம், நரைத்த தலை, எல்லாப் புள்ளியும் பேச்சில். தாடை மட்டும் பழைய மாதிரி வரவில்லை. எத்தனை தடவை நகர்த்தினாலும் வேறு யாரோ போல் இருந்தாள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். முன்பு இருந்தவள் போனது போனதுதான். அவள் நடந்த தூரமும் போய்விட்டது. ஆனாலும் பெயர் கேட்டபோது எல்டபிள்யூ என்றே அடித்தேன்.

கோட்டைக் கதவு வந்தது. காவல்காரன் ஈட்டியுடன் நின்றான்.

"இன்னா கேக்கறான்?" என்றார் கணவர், நாற்காலிக்குப் பின்னால் வந்து.

"யாருன்னு கேக்கறான்."

"இன்னா சொல்லப் போற?"

"இருங்க, படிக்கறேன்" என்றேன்.

மறுநாள் மகன் ஓசூருக்குக் கிளம்பினான். எனக்கு முதல் ஷிஃப்ட் என்பதால் அவன் போகும்போது நான் வீட்டில் இல்லை. கோபத்தில் போயிருப்பானோ என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன். அவனுக்காகக் கட்டி வைத்திருந்த புளிச்சோற்றை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.