இல்லாத நாலரை மணி பஸ்

ஈப்போ பஸ் நிலையத்தில் என் பக்கத்தில் இருந்தவர், கைப்பேசியைச் சட்டை நுனியால் துடைத்துத் துடைத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நேரம் காட்டும் செயலி ஒன்றை அவரே செய்திருக்கிறார். நேரங்களைத் திருடிவிட்டதாகப் பஸ் கம்பெனி வழக்குப் போட்டிருக்கிறது.

“எல்லா நேரமும் நானே இங்க நின்னு பாத்து எழுதுனதுலா அண்ணே. சிம்பாங் பூலாய் போற நாலரை மணி பஸ் மட்டும் கம்பெனியோட நேரப் பலகையப் பாத்துப் போட்டேன்.”

“அதுக்கென்ன?”

“அப்படி ஒரு பஸ்ஸே கிடையாதாம். காப்பி அடிக்கிறவனப் பிடிக்கத்தான் பலகையில போட்டாங்களாம்.”

“பொறவு எதுக்கு இங்க காத்திருக்கீங்க?”

“ஒரு நாள் வந்துட்டா நான் திருடன் இல்லலா!”

சுண்ணாம்புக் குன்றுகளின் மேல் மழை கூடியது. மணி நாலரை. என் பஸ் வந்து போயிற்று. நான் ஏறாமல் அவரோடு வாசலைப் பார்த்து நின்றேன். அந்த இல்லாத பஸ் எனக்கு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று இன்றும் விளங்கவில்லை.