கோமளத்தின் மூக்கைப் பிடித்த எக்ஸ்ரே படம்

என் மனைவி கோமளம் பொய் சொல்கிறாள் என்று ஊருக்குக் காட்டும்படி நான் பெருமாளிடம் வேண்டினேன். அதற்குக் கிடைத்த பதிலை அடியார்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, திருச்சியில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திவந்தேன். கோமளத்துக்கு ஓயாத தலைவலி, மூக்கடைப்பு. "ஏன்னா, வாசனையே தெரியலை" என்பாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணி நைவேத்தியம் ஆகும் வரை, சமைத்த தளிகையை ருசி பார்ப்பதோ முகர்வதோ எங்கள் வீட்டில் கிடையாது. மார்கழியில் கூடாரவல்லியன்று, பாலும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் அக்காரவடிசல் அடிப்பிடித்துவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை. தூபப் புகையில் எனக்கும் தெரியவில்லை. பிரசாதத்தை வாயில் வைத்ததும் வந்திருந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.

"சமைக்கச் சோம்பல், பழி மூக்கு மேலயா? கிளம்பு உங்காத்துக்கு!" என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். எனக்கும் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

தென்னூரிலிருந்து அவள் அண்ணா வந்து அழைத்துப் போனார். நான் தினமும் சன்னிதியில் நின்று, "அவள் வேஷத்தை வெளிப்படுத்து" என்று வேண்டினேன்.

தை மாதம் அண்ணா கல்லூரிக்கே வந்தார். "மாப்பிள்ளே, கோமளத்தைப் பாத்த டாக்டர் உங்களைப் பாக்கணுங்கறார்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்தார். மூக்கின் உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய எலும்புகளில் நடு எலும்பு, காற்றடைத்த குமிழி போல இருபுறமும் உப்பியிருந்தது.

"நிறைய பேருக்கு இப்படி இருக்கும் சார், ஒண்ணும் பண்ணாது. ஆனா இவங்களுக்குக் காத்து போக வழியே இல்லீங்க. இத்தனை வருஷம் எப்படித்தான் தாங்கினாங்களோ!"

எக்ஸ்ரே பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தியவன் நான். அவளை ஒரு நாள் டாக்டரிடம் கூட்டிப் போனதில்லை.

அன்று சன்னிதியில் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அவள் குணமாகி வரட்டும்" என்று மட்டும் கேட்டேன். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தலைவலி விட்டது. சில மாதங்களில் துளசி வாசனை தெரிகிறதென்று அண்ணாவிடம் சொல்லி அழுதாளாம். பிறகு வீட்டுக்கு வந்தாள். அது பெருமாளின் கிருபை. வேறென்ன சொல்ல?

ஆனால் அதன்பின் எது வலித்தாலும் அவள் என்னிடம் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து வயிற்றில் கட்டி வந்தபோதும் அண்ணாவிடம்தான் முதலில் சொன்னாள். முற்றிய பிறகே எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஏன்னா, உங்ககிட்ட சொன்னா நீங்க நம்பணுமே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

இன்று நான் யார்மீதும் தீர்ப்புக் கேட்டுப் பெருமாள்முன் நிற்பதில்லை. அடியார்களே, அவனை நம்புங்கள். கைவிட மாட்டான். ஆனால் வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்றால், அதையும் நம்பி, முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சன்னிதிக்கு அப்புறம் போகலாம்.